எண்ணி மாளாதவை

சென்னையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தவருக்குச் சர்க்கரை 126 என்று ரிப்போர்ட் வருகிறது. அதே ரத்தத்தைச் சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ கொடுத்திருந்தால் 7 என்று வந்திருக்கும். இரண்டும் ஒரே அளவுதான். இங்கே ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்கிறோம், அங்கே ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்கிறார்கள். பிள்ளைகளோடு சில மாதம் தங்கப் போன பெற்றோர், அங்கே வாங்கிய மீட்டரில் 7.2 என்று பார்த்துச் சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டதோ என்று பதறினால் ஆச்சரியமில்லை. 18ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள் என்று யாராவது சொல்லிக்கொடுப்பார்கள். பெருக்கினால் 130. மனம் ஆறும், அல்லது வேறு கவலை தொடங்கும். ஏன் 18 என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

அதே ரிப்போர்ட்டில் இன்னும் கீழே போனால் கொலஸ்டிரால் இருக்கும். அதற்கு 18 உதவாது. 38.7ஆல் வகுக்க வேண்டும். 200 மில்லிகிராம் 5.2 மில்லிமோல் ஆகும். டிரைகிளிசரைடுக்கு 88.5. மைலைக் கிலோமீட்டராக்க 1.609 என்ற ஒரே எண் எந்தச் சாலைக்கும் போதும். இங்கே பொருளுக்குப் பொருள் வகு எண் மாறுகிறது. காரணம், மில்லிகிராம் எடை போடுகிறது, மில்லிமோல் தலை எண்ணுகிறது.

இந்த வேறுபாடு சில நேரம் படத்தையே புரட்டிவிடும். ஒருவருக்குச் சர்க்கரை 100, கொலஸ்டிரால் 200 என்று வைத்துக்கொள்வோம். பார்த்த மாத்திரத்தில் கொலஸ்டிரால் இரண்டு பங்கு இருப்பதாகத் தோன்றும். மில்லிமோலில் எழுதினால் சர்க்கரை 5.6, கொலஸ்டிரால் 5.2. மூலக்கூறுகளை எண்ணினால் சர்க்கரைதான் அதிகம். கொலஸ்டிரால் மூலக்கூறு ஒன்று குளுக்கோஸ் மூலக்கூறைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கனம். எடையில் தூக்கலாகத் தெரிந்தது அதனால்தான்.

வேதிவினைக்கு எடை தெரியாது. குளுக்கோஸ் மூலக்கூறு ஒன்று முழுதாக எரிய ஆக்சிஜன் மூலக்கூறு ஆறு வேண்டும். இதையே தராசு மொழியில் சொன்னால் 180 கிராம் குளுக்கோஸுக்கு 192 கிராம் ஆக்சிஜன். இந்த இரண்டு எண்களை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் ஒன்றும் புலப்படாது. ஒன்றுக்கு ஆறு என்றதும் சங்கதி பிடிபட்டுவிடுகிறது. உடம்புக்குள்ளும் அடுப்பிலும் ஆலையிலும் வினைகள் இப்படி முழு எண்களில்தான் நடக்கின்றன. நம்மிடம் இருப்பதோ தராசு. மூலக்கூறுகளை விரல் விட்டு எண்ணித் தர எந்தக் கடைக்காரராலும் முடியாது.

வெற்றிலைக் கடையில் நூறு இலையை ஒரு கவுளி என்பார்கள். கவுளி என்றால் இலை பெரியதா, சின்னதா, எத்தனை கிராம் என்ற பேச்சே இல்லை, எண்ணிக்கை மட்டும்தான். மோல் என்பதும் இப்படி ஒரு கட்டு. கட்டின் அளவுதான் மலைக்க வைக்கும்: 6.022 × 10²³. நம் வழக்கில் சொன்னால் 602 கோடி கோடி கோடி. இதற்கு அவகாட்ரோ எண் என்று பெயர். அணுவை எண்ணலாம், மூலக்கூறை எண்ணலாம், அயனியை, எலக்ட்ரானை எண்ணலாம். இத்தனை சேர்ந்தால் ஒரு மோல்.

கட்டுக்கு இந்த அளவை ஏன் வைத்தார்கள்? கார்பன் அணு ஹைட்ரஜன் அணுவைப் போல ஏறத்தாழ 12 மடங்கு கனம். அப்படியானால் 12 கிராம் கார்பனிலும் 1 கிராம் ஹைட்ரஜனிலும் அணுக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றுதான். அந்த எண்ணிக்கையையே கட்டாக வைத்துக்கொண்டால் வேலை சுலபம். எந்தப் பொருளுக்கும் அதன் மூலக்கூறு நிறையைப் பார்த்து, பக்கத்தில் கிராம் என்று எழுதிவிட்டால் அதுதான் ஒரு மோலின் எடை. தண்ணீருக்கு 18 கிராம், சமையல் உப்புக்கு 58.44 கிராம், குளுக்கோஸுக்கு 180 கிராம். ஒரு மில்லிமோல் குளுக்கோஸ் 180 மில்லிகிராம். லிட்டருக்கு 180 மில்லிகிராம் என்றால் அதில் பத்தில் ஒரு பங்கான டெசிலிட்டருக்கு 18. ரிப்போர்ட்டை மாற்ற உதவிய எண் அங்கிருந்து வந்ததுதான். கொலஸ்டிராலின் மோல் 387 கிராம், ஆகவே அதற்கு 38.7.

கவனித்தீர்களா, இதுவரை போட்ட கணக்கு எதிலும் 6.022 × 10²³ உள்ளே நுழையவே இல்லை. பாடப் புத்தகங்கள் இந்தப் பிரம்மாண்டமான எண்ணைத் தூக்கி முதல் பக்கத்தில் வைத்துவிடுகின்றன. மாணவர் மிரண்டுபோகிறார். எனக்கு அது தலைகீழாகப் படுகிறது. தராசு வைத்திருப்பவருக்கு இந்த எண் தேவையே இல்லை. மோல் என்ற பெயரை 1890களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ஜெர்மன் வேதியியலாளர் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் அந்தக் காலத்தில் அணுக்கள் இருப்பதையே ஏற்கவில்லை! எடைகளின் விகிதம் சரியாக வருகிறது, அது போதும் என்பது அவர் கட்சி. 1909 வாக்கில்தான் மனம் மாறினார். அதே ஆண்டு நோபல் பரிசும் வாங்கினார்.

எண் தேவைப்படுவது, யாரோ உண்மையிலேயே ஒன்று இரண்டு என்று துகள்களை எண்ணியிருக்கும்போதுதான். அப்படி எண்ணுகிற இடங்கள் அதிகமில்லை. ஒன்று பல வீடுகளில் மேஜை இழுப்பறையிலேயே கிடக்கிறது.

குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப்பின் நுனியில் ரத்தத்தைத் தொட்டவுடன் அரை மைக்ரோலிட்டர் அளவுக்கு உள்ளே உறிஞ்சப்படுகிறது. கடுகளவுகூட இராது. அங்கே காய்ந்துபோன நொதி ஒன்று தடவி வைக்கப்பட்டிருக்கிறது. ரத்தம் பட்டதும் அது விழித்துக்கொண்டு, குளுக்கோஸ் மூலக்கூறு ஒவ்வொன்றிலிருந்தும் சரியாக இரண்டு எலக்ட்ரான்களைப் பறிக்கிறது. எலக்ட்ரான்கள் வேறொரு வேதிப்பொருளின் கைமாறி மின்முனைக்குப் போய்ச் சேர்கின்றன. ஓடுகிற மின்சாரத்தை மீட்டர் அளக்கிறது. பெரும்பாலான மீட்டர்கள் மின்னோட்டத்தின் வேகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும். இன்னொரு வகை, குளுக்கோஸ் தீருகிறவரை காத்திருந்து மொத்த மின்னூட்டத்தையும் கூட்டும். நமக்குப் பிடித்தது இரண்டாவது வகை. அது எலக்ட்ரான்களை எண்ணுகிறது.

கொள்கையளவில் கணக்கு இப்படிப் போகும். சேர்ந்த மின்னூட்டம் 0.00053 கூலும் என்று கொள்வோம். ஒரு எலக்ட்ரானின் மின்னூட்டம் 1.602 × 10⁻¹⁹ கூலும். வகுத்தால் 3.3 × 10¹⁵ எலக்ட்ரான்கள். மூலக்கூறுக்கு இரண்டு என்பதால் குளுக்கோஸ் அதில் பாதி: 1.65 × 10¹⁵. இதோ ஒரு துகள் எண்ணிக்கை, நிஜமாகவே எண்ணப்பட்டது. இனி இதை மோலாக்க வேண்டும். இத்தனை இலை இருக்கிறது, எத்தனை கவுளி என்று கேட்டால் என்ன செய்வோமோ அதேதான்: எண்ணிக்கையைக் கட்டின் அளவால் வகுக்க வேண்டும்.

1.65 × 10¹⁵ ÷ 6.022 × 10²³

முன்னால் இருக்கிற எண்களைத் தனியாக வகுத்தால் 0.274. பத்தின் அடுக்குகளைக் கழித்தால் 15 − 23 = −8. ஆக 0.274 × 10⁻⁸ மோல்; புள்ளியை ஒரு இடம் நகர்த்தி 2.74 × 10⁻⁹ மோல் என்று எழுதுவது வழக்கம். இது அரை மைக்ரோலிட்டரில், அதாவது 5 × 10⁻⁷ லிட்டரில் இருப்பது. வகுத்தால் லிட்டருக்கு 5.5 மில்லிமோல். பதினெட்டால் பெருக்கினால் திரையில் 99 என்று தெரியும். சாப்பிடலாம், பயமில்லை.

தேர்வில் இந்த இடத்தில் மாணவர்கள் விழுவது இரண்டு குழிகளில். முதலாவது, வகுப்பதற்குப் பதில் பெருக்கிவிடுவது. அடுக்கு 38 என்று வந்து நிற்கும். மாணவர் அதையும் விடையென்று அடிக்கோடிட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார். 9.9 × 10³⁸ மோல் குளுக்கோஸ் இருந்தால் அது பூமியைவிடப் பல லட்சம் கோடி மடங்கு கனமாகிவிடும். இதற்கு மனப்பாடம் செய்ய எதுவுமில்லை. துகள் எண்ணிக்கை 6.022 × 10²³க்குக் கீழே இருந்தால் விடை ஒரு மோலுக்குக் கீழே, மேலே இருந்தால் மேலே. பேனாவை எடுக்கும் முன்பே இது தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது குழி கொஞ்சம் நுட்பமானது: எதன் மோல் என்று கேட்க மறப்பது. மேலே ஸ்ட்ரிப்பில் எலக்ட்ரான் மோல் எத்தனை என்று கேட்டால் விடை 5.5 × 10⁻⁹, குளுக்கோஸ் எத்தனை என்றால் அதில் பாதி. ஆக்சிஜன் ஒரு மோல் என்று மொட்டையாகச் சொன்னால் அது அணுவா மூலக்கூறா என்று தெரியாது. 16 கிராமா 32 கிராமா என்ற வித்தியாசம். மருத்துவமனையில் கம்பியில் தொங்கும் சலைன் பாட்டிலை அடுத்த முறை பார்க்க நேர்ந்தால் லேபிளைப் படியுங்கள். லிட்டருக்கு 9 கிராம் உப்பு என்று ஒரு வரி. 9ஐ 58.44ஆல் வகுத்தால் 0.154 மோல். அதனால் சோடியம் 154, குளோரைடு 154 என்று அடுத்த வரி. சில லேபிள்களில் 308 என்ற எண்ணும் இருக்கும். உப்பு தண்ணீரில் கரைந்ததும் ஒவ்வொன்றும் இரண்டு அயனிகளாகப் பிரிந்துவிடுவதால் மிதக்கிற துகள்களின் மொத்தக் கணக்கு அது. ரத்த அணுக்கள் ஊதிப்போகாமலும் சுருங்காமலும் இருப்பது இந்த 308ஐப் பொறுத்தது. செல்லின் சவ்வுக்கு வெளியே எத்தனை துகள், உள்ளே எத்தனை துகள் என்ற எண்ணிக்கைப் போட்டியில் கிராமுக்கு இடமில்லை.

சரி, அந்த 6.022 × 10²³ எப்படித் தெரிந்தது? எந்தப் பொருளிலாவது எண்ணிக்கையும் தெரிய வேண்டும், மோலும் தெரிய வேண்டும். ஒன்றை இன்னொன்றால் வகுத்தால் எண் கிடைக்கும். துகளிலிருந்து மோலுக்குப் போகும் அதே கணக்கைப் பின்னாலிருந்து போடுவது. 1900க்குப் பிறகு இதற்குப் பல வழிகள் கண்டார்கள். அவற்றில் என்னை அதிகம் கவர்ந்தது மான்செஸ்டரில் நடந்தது, ஏனென்றால் அங்கே நிஜமாகவே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார்கள்.

1908இல் எர்னஸ்ட் ரதர்ஃபோர்டும் அவருடைய இளம் உதவியாளர் ஹான்ஸ் கைகரும் ரேடியம் வீசும் ஆல்ஃபா துகள்களை எண்ணத் துணிந்தார்கள். நடுவில் கம்பி செல்லும் பித்தளைக் குழாய். ஓரத்தில் ஒரு சின்னத் துளை. துகள் ஒன்று உள்ளே நுழைந்தால் குழாயிலிருக்கும் வாயுவில் மின்சாரம் ஒரு கணம் பாய்ந்து, வெளியே இருக்கிற கருவியின் முள் துள்ளும். துள்ளலை எண்ண வேண்டியதுதான். அவசரப்பட்டு அடுத்தடுத்து வந்தால் எண்ண முடியாதே என்று, நிமிடத்துக்கு மூன்று முதல் ஐந்து துகள் மட்டும் நுழையும்படி ரேடியத்தைத் தள்ளி வைத்தார்கள். எல்லாத் திசையிலும் சிதறுவதில் எத்தனையில் ஒரு பங்கு அந்தத் துளைக்குள் விழும் என்பது வடிவியல். பெருக்கினால் மொத்தம் கிடைத்துவிடும். இன்னொரு முறையும் உண்டு. இருட்டறையில் கண்ணைப் பழக்கிக்கொண்டு, துத்தநாக சல்ஃபைடு பூசிய திரையை நுண்ணோக்கியில் பார்த்தால் துகள் வந்து மோதும் ஒவ்வொரு முறையும் ஒரு பொறி. இரண்டு எண்ணிக்கையும் ஒத்துப்போயின. ஒரு கிராம் ரேடியம் நொடிக்கு 3.4 × 10¹⁰ ஆல்ஃபா துகள்களை வீசுகிறது என்று கண்டார்கள்.

ஆல்ஃபா துகள் வேகம் தணிந்து இரண்டு எலக்ட்ரான்களைப் பிடித்துக்கொண்டால் ஹீலியம் அணு. இதை ரதர்ஃபோர்டும் தாமஸ் ராய்ட்ஸும் அடுத்து நிரூபித்துவிட்டார்கள். அப்படியானால் ரேடியத்தை மூடி வைத்தால் ஹீலியம் வாயு சேர வேண்டும், அதை அளக்கவும் முடிய வேண்டும். அமெரிக்காவிலிருந்து வந்த பெர்ட்ரம் போல்ட்வுட்டும் ரதர்ஃபோர்டும் அளந்தார்கள். 1911இல் வெளியான விடை: ஒரு கிராம் ரேடியம் ஆண்டுக்கு 156 கன மில்லிமீட்டர் ஹீலியம் தருகிறது. ஏறத்தாழ மூன்று துளித் தண்ணீரின் கொள்ளளவு.

இனி நாமே போட்டுவிடலாம். மூடி வைத்த ரேடியத்தோடு அதன் வாரிசுகளும் சேர்ந்திருக்கும். மொத்தம் நான்கு தலைமுறை ஆல்ஃபா வீசுவதால் 3.4 × 10¹⁰ஐ நான்கால் பெருக்க வேண்டும். ஆண்டுக்கு 3.156 × 10⁷ நொடி. ஆக ஆண்டுக்கு 4.29 × 10¹⁸ ஹீலியம் அணுக்கள். இது எண்ணிக்கை. எந்த வாயுவும் திட்ட வெப்ப அழுத்த நிலையில் மோலுக்கு 22.4 லிட்டர் என்பதால் 156 கன மில்லிமீட்டர் என்பது 6.96 × 10⁻⁶ மோல். எண்ணிக்கையை மோலால் வகுத்தால் 6.16 × 10²³. இன்றைய மதிப்பிலிருந்து இரண்டு சதவீதம்தான் விலகல். முள் துள்ளுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் கண்ட விடை என்றால் நம்ப முடிகிறதா!

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ரேடியம் உண்மையில் நொடிக்கு 3.66 × 10¹⁰ துகள் வீசுகிறது. அவர்கள் எண்ணியது ஏழு சதவீதம் போலக் குறைவு. ஹீலியமும் 172 கன மில்லிமீட்டர் வந்திருக்க வேண்டும். அதுவும் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் குறைந்திருந்தது. ஒன்றை ஒன்றால் வகுத்ததில் பிழை அடிபட்டுப் போயிற்று.

அதே ஆண்டுகளில் பாரிஸில் ஜான் பெரான் வேறு பாதையில் வந்துகொண்டிருந்தார். மரப்பிசினிலிருந்து எடுத்த மஞ்சள் சாயத்தை நுண்ணிய மணிகளாக்கித் தண்ணீரில் விட்டு, உயரம் கூடக்கூட மணிகள் எப்படிக் குறைகின்றன என்று நுண்ணோக்கியில் எண்ணினார். ஒரே அளவுள்ள மணிகளைச் சலித்தெடுக்கவே மாதக்கணக்கில் ஆனது. அவருக்குக் கிடைத்தது 7 × 10²³ஐ ஒட்டிய எண். அவகாட்ரோவின் பெயரை இந்த எண்ணுக்குச் சூட்டியவர் அவர்தான், 1909இல். இத்தாலியின் அவகாட்ரோ 1856லேயே காலமாகிவிட்டார். ஒரே வெப்பமும் அழுத்தமும் இருந்தால் சம கன அளவுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கை மூலக்கூறுகள் இருக்கும் என்று 1811இல் சொன்னாரே ஒழிய, அந்த எண்ணிக்கை எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது.

கவுளிக்கு இலை எத்தனை என்பதில் ஊருக்கு ஊர் கொஞ்சம் முன்பின் இருக்கும். மோலிலும் அந்தத் தகராறு இருந்தது. வேதியியலார் இயற்கையில் கலந்து கிடைக்கும் ஆக்சிஜனை 16 என்று வைத்துக் கணக்குப் போட்டார்கள். இயற்பியலார் ஆக்சிஜன்-16 என்ற ஒற்றை ஐசோடோப்பை மட்டும் 16 என்றார்கள். பத்தாயிரத்தில் மூன்று பங்கு அளவுக்கு வித்தியாசம். 1961 வாக்கில் இரு தரப்பும் கார்பன்-12க்கு இறங்கி வந்து சமாதானமானார்கள்: 12 கிராம் கார்பன்-12இல் எத்தனை அணுவோ அத்தனை ஒரு மோல். 1971இல் மீட்டர், கிலோகிராம் வரிசையில் ஏழாவது அடிப்படை அலகாக மோல் சேர்ந்தது.

மோலின் வரையறைக்குள் கிராம் இருக்கிறவரை, பாரிஸ் அருகே பெட்டகத்தில் இருந்த கிலோகிராம் உலோக உருளைக்கு அது கட்டுப்பட்டே இருந்தது. அந்தக் கட்டிலிருந்து விடுபட அணுக்களை இன்னும் துல்லியமாக எண்ண வேண்டியிருந்தது. இதற்காகச் சிலிக்கான்-28 மட்டும் 99.99 சதவீதத்துக்கு மேல் இருக்கும்படி ரஷ்யாவில் பிரித்தெடுத்து, ஜெர்மனியில் படிகமாக வளர்த்து, ஆஸ்திரேலியாவில் உருண்டையாகக் கடைந்தார்கள். சுமார் ஒரு கிலோ எடை, 9.4 சென்டிமீட்டர் விட்டம். படிகத்தில் அணுக்கள் அணி வகுத்து நிற்பதால் எண்ணுவது எளிது. எட்டு அணுக்கள் கொண்ட கட்டம் ஒன்றின் பக்கம் 0.5431 நானோமீட்டர் என்று எக்ஸ் கதிரால் அளந்தார்கள். உருண்டையின் கன அளவு சுமார் 431 கன சென்டிமீட்டர். அதைக் கட்டத்தின் கன அளவால் வகுத்து எட்டால் பெருக்கினால் 2.15 × 10²⁵ அணு. சிலிக்கான்-28இன் மோல் 27.98 கிராம் என்பதால் கிலோவுக்கு 35.74 மோல். வகுத்துப் பாருங்கள், மான்செஸ்டரில் தேடிய அதே எண்தான், ஆனால் கோடியில் ஒரு பங்குக்கும் நுட்பமாக.

2018 நவம்பரில் வெர்சாயில் கூடிய, அலகுகளைத் தீர்மானிக்கும் சர்வதேச மாநாடு எண்ணை 6.02214076 × 10²³ என்று நிலைநிறுத்தியது. 2019 மே 20 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதற்குப் பின்னால் இனி இலக்கங்கள் கிடையாது. எந்தச் சோதனையும் அதைத் திருத்த முடியாது. பதிலுக்கு, ஒரு மோல் கார்பன்-12இன் எடை 12 கிராம் என்பது வரையறை என்ற நிலையிலிருந்து இறங்கி, அளந்து பார்க்க வேண்டிய ஒன்றாகிவிட்டது. இதுவரை அளந்ததில் பத்துக் கோடியில் ஒரு பங்கு அளவுக்குக்கூட வித்தியாசம் தெரியவில்லை. தேர்வில் 12 என்றே போடலாம்.